1947-ல் இருந்த ஓட்டு 1952-ல் எங்கே போனது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: “தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் பிறந்த என் பாட்டி 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். 1952-ல் அவர் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. சுதந்திரம் கிடைத்தபோது இலங்கையில் இருந்த அரசியலமைப்பில் சிறுபான்மையினரைப் பாதுகாக்க ஒரு பிரிவு இருந்ததாகப் படித்தேன். அது இருந்தும் இது எப்படி நடந்தது? இன்னொரு முறை நடக்க வழி இருக்கிறதா?”

நீங்கள் படித்தது சரிதான். சோல்பரி அரசியலமைப்பு என்று நாம் சொல்லும் 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு அது. எந்த ஒரு இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடையையும் கட்டுப்பாட்டையும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது, மீறி இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. உங்கள் பாட்டியின் ஓட்டைக் காப்பாற்ற இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த அரசியலமைப்பு ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தது. இலங்கைப் பிரஜை யார் என்று அதில் எங்குமே எழுதப்படவில்லை. எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் நடந்தது.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். 1931-ல் டொனமூர் அரசியலமைப்பு வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்டும் நிபந்தனைகள் இருந்தன. அப்படியிருந்தும் முதல் தேர்தலிலேயே ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரம் தெரிவாகி அமைச்சரானார். 1936-ல் ஹட்டனில் கோ. நடேசய்யரும் தலவாக்கலையில் எஸ். வைத்திலிங்கமும் வந்தார்கள். ஆக மலையகத்தார் ஓட்டு என்பது 1947-ல் திடீரென்று முளைத்ததில்லை. அதற்குள் பதினாறு வருடப் பழக்கம் ஆகியிருந்தது. 1946 குடிசன மதிப்பீட்டில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டில் நூற்றுக்கு 11.7 பேர். இலங்கைத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்களைவிட இவர்கள் கொஞ்சம் அதிகம். இந்தக் கணக்கை நம்மவர்களே பலர் மறந்துவிட்டார்கள்.

1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல இடங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் எஸ். தொண்டமான். அது மட்டுமல்ல. தோட்ட மக்கள் தனித்து வெல்ல முடியாத பல தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. தோட்டத் தொழிலாளியின் ஓட்டும் கொழும்பு நகரத் தொழிலாளியின் ஓட்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு இருந்தது. இனப் பயமும் இருந்தது. கண்டிச் சிங்களவர் தங்கள் ஊர்களிலேயே சிறுபான்மையாகிவிடுவார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இந்த இரண்டில் எது பெரியது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஓட்டுப் போட்ட கை தொழிலாளியுடையது, தமிழருடையது, இரண்டும்தான்.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், பிரஜாவுரிமைச் சட்டமூலம் நிறைவேறுகிறது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம். நவம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘இந்தியர்’ என்ற சொல்லோ ‘தமிழர்’ என்ற சொல்லோ கிடையாது. அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால் அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்கு, பிறக்கும்போது அப்பா பிரஜையாக இருக்க வேண்டும். அம்மா வழிக்கு இடமே இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திருச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் கங்காணியோடு வந்து தோட்டத்தில் வேலைக்குச் சேருகிறார். அவர் மகன் 1910-ல் அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறக்கிறான். இலங்கையைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. 1931-லிருந்து ஓட்டும் போட்டிருக்கலாம். ஆனால் அவன் பிரஜை இல்லை, ஏனென்றால் அப்பா பிறந்தது அக்கரையில். சரி, 1930-ல் பிறந்த பேரன்? சட்டப்படி அவன் பிரஜைதான், அப்பா இங்கே பிறந்தவர் அல்லவா. ஆனால் அதை நிரூபிக்க அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். லயத்துக் காம்பிராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு 1910-ல் யார் பதிவு எழுதிவைத்தார்கள்? தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் ஏறுவதே வேலைக்குப் போகத் தொடங்கும் வயதில்தான். கண்டிப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கம். வம்சாவளியில் கிடைக்காதவர் பதிவு செய்து பெறலாம் என்பது இதன் ஏற்பாடு. 1946 ஜனவரி 1-க்கு முன், திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இதைப் புறக்கணிக்கச் சொன்னது. பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. அதனால் கடைசி மாதங்களில்தான் விண்ணப்பங்கள் குவிந்தன. அந்தத் தாமதம் தலைமை செய்த பெரிய தவறு என்பது என் கருத்து. கொள்கை சரியாக இருக்கலாம், ஆனால் நஷ்டப்பட்டது கையெழுத்துப் போடத் தெரியாத ஜனங்கள். சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின, குடும்பத்தாரையும் சேர்த்தால் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக. பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்தடித்து, கடைசியில் கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

இன்னொன்று அதே ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றத் தேர்தல் திருத்தம். பிரஜையாக இருப்பவருக்கு மட்டுமே ஓட்டு என்று அது சொன்னது. இப்போது மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் சட்டம் ஓட்டைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாவது சட்டம் இனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த நாட்டிலும் பிரஜைக்குத்தானே ஓட்டு என்று யாரும் சொல்லிவிடலாம். தனித்தனியாக எடுத்தால் எதுவும் கையில் சிக்காது. மூன்றும் சேர்ந்தபோது உங்கள் பாட்டியின் பெயர் இடாப்பிலிருந்து போய்விட்டது.

நீதிமன்றத்துக்குப் போகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போனார்கள். கோடக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்ல தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பதிவு அதிகாரி முதநாயக்க மறுத்தார். அதை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் 29-ஆம் பிரிவை மீறுகின்றன, செல்லாது, பெயரைச் சேருங்கள் என்று தீர்ப்பளித்தார். நாட்டின் பிரதமரே கொண்டுவந்த சட்டத்தை, ஒரு தொகுதியின் இடாப்பைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரி அரசியலமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு செல்லாது என்று சொன்னார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது. அதைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

1951-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, எந்த இனத்தையும் குறிக்கவில்லை, நோக்கத்தைத் தோண்டத் தேவையில்லை என்பது அதன் போக்கு. வழக்கு அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1953-ல் முடிந்தது. பிரிவி கவுன்சில் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தது. மேலுக்கு நடுநிலையாகத் தெரியும் சட்டம் மறைமுகமாக ஓர் இனத்தைத் தாக்கலாம், அப்படியானால் அதையும் செல்லாது என்று சொல்ல முடியும் என்று கொள்கையளவில் ஏற்றது. அதற்குப் பிறகு, தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை என்றது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறதே, ஆகவே ஓர் இனத்தை நிரந்தரமாக வெளியே நிறுத்தும் நோக்கம் இல்லை என்றும் சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு வந்தபோது லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் முடிவில்லாமல் கிடந்தன. எந்தக் கதவைக் காட்டி வழக்கைத் தள்ளினார்களோ, அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர் ஆறில் ஒருவர்கூட இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்திய அரசியலமைப்பு தொடக்கத்தில் யார் குடிமகன் என்பதைத் தன் ஏட்டிலேயே எழுதியது. 5-ஆம் உறுப்புரையின்படி இந்தியாவை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் அங்கே பிறந்திருந்தாலோ, அப்பா அம்மாவில் ஒருவர் பிறந்திருந்தாலோ, ஐந்து வருடம் வாழ்ந்திருந்தாலோ போதும். வாக்குரிமையையும் 326-ஆம் உறுப்புரையில் எழுதிவைத்தார்கள். பிற்காலக் குடியுரிமையை 11-ஆம் உறுப்புரையின் கீழ் பாராளுமன்றத்திடம் விட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே அங்கே எல்லாம் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாடு பிறக்கும் நாளில் வாசலுக்குள் நின்றவர்களைக் கணக்கெடுத்து எழுதியது பெரிய காரியம். இலங்கையில் அந்தக் கணக்கை எடுக்கும் வேலை, அப்போது பெரும்பான்மை யாரிடம் இருந்ததோ அவர்களிடம் போனது.

இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்புரையும் நம் கதையில் வருகிறது. வெளிநாட்டில் வாழும் ஒருவர், அவரோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகனாகலாம் என்கிறது அது. இதைக் காட்டி, இவர்கள் இந்தியர்தானே என்றது கொழும்பு. பதிவு செய்தால்தான் இந்தியர், தானாக ஆகமாட்டார் என்றது டில்லி. இரண்டு வாதமும் சட்டப்படி நின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமூகம் முழுவதும் நாடற்றவர் ஆனது.

கட்சிகளுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை. அவர்கள் தோற்கவில்லை, ஓட்டுப் போட ஆளே விடப்படவில்லை. அந்த ஆண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். பலன் இல்லை. கட்சி தொழிற்சங்கமாகச் சுருங்கியது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயர்தான் நிலைத்தது. சட்டசபைக்கு ஆள் அனுப்ப முடியாத ஜனங்களுக்கு வேலைநிறுத்தமே ஓட்டு. சங்கத் தலைவர் ஒருவரை மட்டும் ஆட்சியாளர்கள் நியமன உறுப்பினராக்கி உட்கார வைப்பார்கள். 1960-ல் தொண்டமான் அப்படித்தான் உள்ளே போனார். தெரிவான உறுப்பினராக அவர் திரும்பி வந்தது 1977-ல், மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் மூன்றாமவராக. இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில் முப்பது வருடம். மலையகத்தில் சங்கமும் கட்சியும் ஒன்றோடொன்று பின்னி, சந்தாப் பணமும் ஓட்டும் ஒரே கையில் சேர்ந்து கிடப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். குறை நியாயமானதுதான். ஆனால் அது வளர்ந்த காலம் இந்த முப்பது வருடம் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

வடக்கிலும் ஒரு கட்சி இதனால் உடைந்தது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-ல் சேனநாயக்காவின் அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத்தாருக்கு நடப்பது நாளை மொழியின் பெயரால் நமக்கு நடக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1946-ல் தொகுதி எல்லைகளை வகுத்தபோது மொத்த ஜனத்தொகையை வைத்து வகுத்தார்கள். தோட்ட மக்களின் தலையும் அந்தக் கணக்கில் இருந்தது. ஓட்டு போன பிறகும் தொகுதிகள் அப்படியே இருந்தன. ஆக உங்கள் பாட்டியின் தலையை எண்ணி உருவான இடத்தை, அந்தத் தொகுதியில் மிச்சம் இருந்த வாக்காளர்கள் மட்டும் நிரப்பினார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கதை. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஏழு பேர் போனால் நான்கு பேருக்கு இங்கே உரிமை என்று ஒரு விகிதம். போகிறவர்களிடமும் இருக்கிறவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் அந்த ரயிலில் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்தியா 6 லட்சம் பேரை எடுக்க ஒப்புக்கொண்டது. விண்ணப்பித்தது 5 லட்சத்து 6 ஆயிரம் பேர். மிச்சம் 94 ஆயிரம். இப்படி மிஞ்சியவர்களுக்கு 1986-ல் ஒரு சட்டம் வந்தது, 1988-ல் இன்னொன்று, 2003 அக்டோபரில் கடைசியாக 35-ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே இருப்பவர்களும் அவர்கள் சந்ததியும் ஒரு சத்தியக் கடதாசி அளவில் பிரஜைகள் ஆனார்கள். அந்த டிசம்பரில் நானும் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தகரப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பழைய அரிசிக் கூப்பன், செக்ரோல் துண்டு, 1951-ல் போட்ட விண்ணப்பத்தின் ரசீது, எல்லாம் துணியில் சுற்றி வைத்திருந்தார். இது ஒன்றும் வேண்டாம் ஆத்தா, கையெழுத்து மட்டும் போதும் என்றேன். நம்பவே மாட்டேன் என்றார். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் பெருவிரலை மையில் வைத்தார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, இன்னொரு முறை நடக்குமா என்பது. 29-ஆம் பிரிவு இன்று இல்லை. 1964-ல் வேறொரு வழக்கில் அதே பிரிவி கவுன்சில், அந்தப் பிரிவு பிரஜைகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு, மாற்ற முடியாதது என்று சொன்னது. பிரஜைகள் என்ற சொல்லைக் கவனியுங்கள். 1972 குடியரசு அரசியலமைப்பு அதைக் கைவிட்டது.

இப்போதுள்ள 1978 அரசியலமைப்பில் நிலைமை பெரிதும் மேல். 26-ஆம் உறுப்புரை பிரஜை என்றால் ஒரே தகுதிதான் என்கிறது. வம்சாவளியா பதிவா என்று எதற்காகவும் பிரித்துப் பார்க்கக் கூடாது, பிரஜாவுரிமைச் சட்டம் குறிப்பிடும் சில காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் பறிக்கக் கூடாது. 4-ஆம் உறுப்புரை 18 வயதான பிரஜைக்கு ஓட்டைத் தருகிறது. ஆனாலும் 12-ஆம் உறுப்புரையை நிதானமாகப் படியுங்கள். சட்டத்தின் முன் சமம் என்பது ‘ஆட்கள்’ எல்லோருக்கும். இனம், மொழி, சாதி காரணமாகப் பாரபட்சம் கூடாது என்பது ‘பிரஜை’க்கு. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை உள்ள 14-ஆம் உறுப்புரையும் பிரஜைக்குத்தான். நாடற்ற நம் ஜனங்களுக்காக அதில் ஓர் ஏற்பாடு இருந்தது: வேறு நாட்டுப் பிரஜையாக இல்லாமல் இங்கே நிரந்தரமாக வாழ்பவருக்கு அந்த உரிமைகள் பத்து வருடத்துக்கு உண்டு. பத்து வருடம் 1988-ல் முடிந்தது. அப்போதும் கையில் காகிதம் இல்லாதவர்கள் இருந்தார்கள். 

அப்புறம், 83-ஆம் உறுப்புரையையும் பாருங்கள். எந்தெந்த உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. ஒற்றையாட்சி இருக்கிறது, கொடி இருக்கிறது, தேசிய கீதம் இருக்கிறது, பௌத்தத்துக்கான முதலிடம் இருக்கிறது. பிரஜாவுரிமையைச் சொல்லும் 26-ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. புதிய அரசியலமைப்பு பற்றி எந்த அரசு பேசினாலும் அந்தப் பட்டியலில் 26-ஐச் சேருங்கள் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் பாட்டி பிறந்த தோட்டத்து ஆட்களும் இப்போது ஓட்டுள்ளவர்கள். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது இதைக் கேட்கச் சொல்லுங்கள்.